கேப் டவுனில் ஒரே கட்டில்!

ட்ரிங்... ட்ரிங்...

மருந்துக் கடைக் கவுன்ட்டரில் கிடந்த செல்போன் அலறியது.

ஆனந்தராசா எடுத்தான்.

"ஹலோ?"

"கேப் டவுன் போகாதீங்க!"

பெண் குரல். கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற குரல்.

"நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"யாரா இருந்தா என்ன? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த மீசைக்காரரோட போனீங்க... சீட்ல உட்கார்ந்து போவீங்க, பெட்டியில படுத்து வருவீங்க!"

"உங்களுக்கு... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு எல்லாம் தெரியும்!"

டொக்!

ஆனந்தராசாவின் கையிலிருந்த இருமல் மருந்து பாட்டில் நழுவித் தரையில் சிதறியது.

எல்லாம் தெரியும்!

ஆறு வருஷமாக அவனும் ஜெயசீலனும் மூடி வைத்திருந்த ரகசியம். வெளியே தெரிந்தால் முதலில் வேலை போகும். பிறகு விசா. பிறகு ஜெயில்... அதன் பிறகு ஊருக்கு ஒரு வழி டிக்கெட்!

ஜெயசீலனுக்கு போன் போட்டான்.

"சீலன்... ஆரோ எங்களைக் கண்டுபிடிச்சிட்டினம்!"

"பதறாத ராசா. நம்பர் விழுந்திருக்கா?"

"ஓம். பொறு, பாக்கிறன்..."

பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"சீலன்! இது காலமை நாங்கள் போன ட்ராவல்ஸின்ரை நம்பர்!"

ஆம். குரலை மாற்றிப் பேசிய அந்த மர்மப் பெண்... தன் ஆபீஸ் போனிலிருந்தே பேசியிருந்தாள்!

அவள் பெயர் கனகா. வயது நாற்பத்திரண்டு. துபாய், கராமாவில் ஒரு சின்ன ட்ராவல்ஸில் டிக்கெட் போடும் வேலை. மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர். இழுப்பறைக்குள் எழுபத்து மூன்று க்ரைம் நாவல்கள். எதன் எதிரில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் மேனேஜருக்கு இன்று வரை தெரியாது.

அன்று காலை பத்து மணிக்கு அவர்கள் இருவரும் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் மீசை வைத்த ஆஜானுபாகு. இன்னொருவன் ஒல்லி, கண்ணாடி, எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தான்.

"எங்க போகணும் சார்?"

"கடல் இருக்கணும். வெயில் இருக்கணும்," என்றான் மீசை ஜெயசீலன்.

"ரெண்டும் துபாய்லயே இருக்கே சார்?"

"நிம்மதியும் இருக்கணும் மேடம்."

"கோவா போடட்டுமா?"

"ஐயோ! எங்க சித்தப்பா பையன் அங்க ஹோட்டல்ல வேலை பார்க்கிறான். எங்களைப் பார்த்தான்னா தூத்துக்குடி பூராவும் போஸ்டர் ஒட்டிருவான்."

"அப்ப ஐரோப்பா?"

ஒல்லி ஆனந்தராசா சிரிக்காமல் சொன்னான்.

"என்ரை இலங்கைப் பாஸ்போட்டைக் காட்டினால் அங்கத்தைய கடலே ரெண்டடி பின்னுக்குப் போயிடும், அக்கா."

"கேப் டவுன்!" என்றான் ஜெயசீலன். "டிசம்பர்ல அங்க நல்ல வெயில். போன வாரம் சட்டம்கூட எங்களுக்குச் சாதகமா மாத்திட்டாங்க."

மேஜைக்கடியில் ஆனந்தராசா அவன் காலை மிதித்தான்.

கனகா அதைப் பார்த்துவிட்டாள்!

"ரூம்ல எத்தனை கட்டில் சார்?"

"ஒண்ணு."

"ரெண்டு பேர் இல்ல?"

"ஒண்ணு போதும் மேடம். உயரமான மாடியா பாருங்க. கடலைப் பார்த்த பால்கனி."

"ஃப்ளைட்ல பக்கத்து பக்கத்து சீட்டா?"

"வேண்டாம். தள்ளித் தள்ளி. யாரோ எவரோ மாதிரி. அப்புறம்... இன்சூரன்ஸும் வேணும். ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னொருத்தருக்குத்தான் தகவல் வரணும். வீட்டுக்குப் போகக் கூடாது."

பெயர்களைப் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். ஆனந்தராசாவின் செல் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு நழுவினார்கள்.

கனகாவின் மூளை கிறுகிறுவென்று சுழன்றது.

போவது இரண்டு பேர். கட்டில் ஒன்றே ஒன்று!

ஏன்?

ஏனென்றால்... இன்னொருவன் படுக்கும் வரை உயிரோடு இருக்கப் போவதில்லை!

உயரமான பால்கனி. கீழே கடல். கையோடு இன்சூரன்ஸ். அவசரமாக இன்டர்நெட்டில் தேடினாள். தென்னாப்பிரிக்காவில் தூக்குத் தண்டனையே கிடையாது!

"சட்டம் சாதகமா இருக்காமே... அடப் பாவி!"

இந்த இடத்தில் ஒரு இடி இடித்திருக்க வேண்டும். துபாயில் மழையே வருஷத்துக்கு நாலு நாள்தான். அதனால் ஏ.சி. மட்டும் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது.

முதலில் பலியாகப் போகிற ஒல்லியை எச்சரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்து போலீஸின் 999-ஐ அழுத்தினாள்.

"மர்டர்! கேப் டவுன் மர்டர்! கராமா ட்ராவல்ஸ்... ஜல்தி ஆவோ!"

கடையின் பெயரைச் சொன்னாள். ஆட்களின் அடையாளத்தைச் சொல்ல மறந்து போனை வைத்துவிட்டாள். அவளுடைய துப்பறியும் வாழ்க்கையில் அவள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்!

கதவு படாரென்று திறந்தது.

ஜெயசீலனும் ஆனந்தராசாவும் மூச்சிரைக்க நின்றார்கள். கனகா ஸ்டேப்ளரைத் தூக்கிக்கொண்டாள்.

"கிட்ட வராதே கொலைகாரா!"

"யாரு மேடம் கொலைகாரன்?"

"நீதான்! இந்த அப்பாவியை பால்கனியில இருந்து தள்ளிவிடத்தானே கூட்டிட்டுப் போற?"

"நானா? இவனையா? இவன் ஸ்டூல் மேல ஏறினாலே நான் கீழ நின்னு பிடிச்சுக்குவேன் மேடம்!"

"நடிக்காதே! அப்ப ஒரே கட்டில் எதுக்கு?"

ஜெயசீலன் கூரையைப் பார்த்தான். ஆனந்தராசா தரையைப் பார்த்தான். கடைசியில் ஆனந்தராசாதான் வாயைத் திறந்தான்.

"அக்கா... ரெண்டு பேரும் அதிலை படுக்கத்தான்."

கனகா திறந்த வாய் திறந்தபடியே நின்றாள்.

"நீங்க... ரெண்டு பேரும்..."

"ஜோடி அக்கா. ஆறு வருசம். அந்த ஊரிலை எங்களை மாதிரி ஜோடிகளைச் சந்தோசமா வரவேற்கிற விடுதி இருக்காம். போன கிழமை நாங்கள் கலியாணம் கட்டவும் சட்டம் வந்திட்டுதாம். நானும் சீலனும் ஒரு மாசமா இன்டர்நெட் கஃபே மாறி மாறித் தேடினனாங்கள்." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "ஒருக்கா... ஒரேயொரு தடவை... ஆராவது கேட்டால், இவர் என்ரை ஆள் எண்டு பயப்பிடாமச் சொல்லிப் பாக்க வேணும். அவ்வளவுதான் எங்கடை திட்டம்."

ஸ்டேப்ளர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"ஐயோ... எழுபத்து மூணு நாவல் படிச்சும் எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லையே!" கனகா தலையில் அடித்துக்கொண்டாள். திடீரென்று அவள் கை அந்தரத்தில் நின்றது. "ஐயையோ!"

"என்ன மேடம்?"

"நான் போலீஸுக்கு போன் பண்ணிட்டேன்!"

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"பின்பக்கம் வழி இருக்கா?" ஜெயசீலன் கிசுகிசுத்தான்.

"மாஃபி, கிடையாது! சுவர்தான் இருக்கு!"

சார்ஜன்ட் மஹ்மூது உள்ளே வந்தார். நெடிய உருவம். சிரிக்காத முகம். இந்தியில் கேட்டார்.

"யாருக்கு இங்கே உயிர் ஆபத்து?"

அவர் பார்வை மேஜை மேல் விழுந்தது. அங்கே கனகா காலையில் ப்ரின்ட் எடுத்து வைத்த காகிதம். கேப் டவுன். பதினெட்டாம் தேதி. இரண்டு பேர். ஒரே கட்டில்!

அவர் கை காகிதத்தை நோக்கி நீண்டது. ஆனந்தராசாவின் கண்கள் செருகின.

கனகா பாய்ந்து காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் சார்! கொல்லப்படப் போறது நான்தான்!"

"கொல்லப் போவது?"

"என்... என் புருசன்!"

"இவர்கள் இரண்டு பேர்?"

"கஸ்டமர் சார். கொழும்பு டிக்கெட் கேட்க வந்தாங்க. பாவம், பயந்துட்டாங்க."

மஹ்மூது தன் செல்போனை எடுத்தார்.

"உன் புருஷன் நம்பரைச் சொல். யாரும் வெளியே போகக் கூடாது."

முடிந்தது! ஜாடை காட்டக்கூட வழியில்லை.

பாலகுரு இரண்டு தெரு தள்ளி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான இருபது வருஷத்தில் கனகா சொன்ன எதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. அவள் வெள்ளை என்று சொன்னால் அவர் கறுப்பு என்பார்.

பத்து நிமிஷம் பத்து வருஷமாக நகர்ந்தது.

வந்தார். நீலக் கோட். காதில் பேனா.

மஹ்மூது கனகாவிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கி அவரிடம் நீட்டினார்.

"இது உன்னுடைய டிக்கெட்டா?"

பாலகுரு படித்தார். மெதுவாகப் படித்தார். மனைவியைப் பார்த்தார். மீசைக்காரனைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்காரனை... அங்கே அவர் பார்வை ஒரு கணம் நின்றது.

இல்லை என்று சொல்லப் போகிறார்! கனகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா சார். என்னோடதுதான்."

கனகா கண்ணைத் திறந்தாள்.

"எங்க இருபதாவது கல்யாண நாள். சர்ப்ரைஸா கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

"கொல்வதற்காக என்கிறாளே உன் மனைவி?"

"தினமும் யாரையாவது சொல்லுவா சார். போன மாசம் எங்க வாட்ச்மேனை சர்வதேசக் கடத்தல்காரன்னு சொன்னா. பையைத் திறந்து பார்த்தா... முருங்கைக்காய்!"

சிரிக்காத முகத்தில் உதட்டோரம் லேசாக நெளிந்தது. மஹ்மூது நோட்டில் ஏதோ எழுதி மூடினார்.

"கலாஸ், முடிந்தது! ஆனால் ஒன்று. திரும்பி வந்ததும் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். மேடம் உயிரோடு இருப்பதை நான் பார்க்கணும். பாஸ்போர்ட்டில் முத்திரையையும் பார்க்கணும். முத்திரை இல்லை என்றால்... போலீஸிடம் பொய் சொன்ன கேஸ்!"

கார் கிளம்பிப் போனது.

ஆனந்தராசா அப்படியே நாற்காலியில் சரிந்தான். ஜெயசீலன் பாலகுருவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"விடுங்க தம்பி," என்றார் பாலகுரு.

கனகாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"என்னங்க... ஒரு ஜாடைகூடக் காட்டலையே நான். எப்படிப் புரிஞ்சுது உங்களுக்கு?"

"பிரஷர் மாத்திரை எங்க வாங்கறேன்? இந்தத் தம்பி கடையிலதானே! அஞ்சு வருஷமா மத்தியானம் ஒரு மணிக்குப் போறேன். போறப்பெல்லாம் இந்த மீசைக்காரத் தம்பி டிபன் டப்பாவோட வருவாரு. மீன்ல முள்ளை எல்லாம் எடுத்துட்டு இவருக்குப் போடுவாரு." பாலகுரு காதிலிருந்த பேனாவைச் சரி செய்தார். "இதுக்கெல்லாமா துப்பறியணும்?"

"அஞ்சு வருஷமாத் தெரியுமா? என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"அது அவங்க விஷயம். நாம யாரு சொல்றதுக்கு?"

கனகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைப் அடித்தாள்.

"தம்பிகளா, அதே விடுதி, அதே ரூம். உங்களுக்குப் போட்டாச்சு. பேரைச் சொல்லுங்க."

சொன்னார்கள். முதல் தடவையாக, இரண்டு பெயரையும் சேர்த்து.

"அப்படியே நமக்கும் ஒரு ரூம் போடு கனகா," என்றார் பாலகுரு. "வேற வழியில்ல. முத்திரை வேணுமே!"

கனகா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். கணவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊட்டிக்குக் கூப்பிட்டா குளிரும்பீங்க. குற்றாலத்துக்குக் கூப்பிட்டா வழுக்கும்பீங்க. போலீஸ் சொன்னா கேப் டவுனா? இது தெரிஞ்சிருந்தா... கல்யாணமான மறுநாளே நூறுக்கு போன் போட்டிருப்பேனே!"