விழுங்காத மாத்திரை

1996 டிசம்பர், ஒரு திங்கட்கிழமை. காலை மணி 5.20.

பால்காரர் வேம்புலி கள்ளிக்குப்பம் சர்ச் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். படியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலையில் மங்கி குல்லா, காலில் சாக்ஸ், அடியில் நாலாக மடித்த கம்பளி. குழந்தையை வேண்டாமென்று விட்டுப் போகிறவர்கள் இத்தனை பக்குவம் பார்ப்பதில்லை.

அதே நேரம் இரண்டு தெரு தள்ளி, காலித் தொட்டிலுக்கு முன்னால் நின்று அருள்செல்வி தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். கால் மணி நேரத்தில் பத்து மாதக் குழந்தை ஷீபா வீடு வந்து சேர்ந்தாள். ஆனால் அவளை அங்கே கொண்டுபோய் வைத்தது யார்?

6.45. சப்-இன்ஸ்பெக்டர் தாட்சாயிணி ஜீப்பிலிருந்து இறங்கினார். பின்னால் ஹெட் கான்ஸ்டபிள் கோதண்டம், உர்ரென்ற முகத்தோடு. தன்னைவிட வயதில் சின்னவள் தனக்கு மேலதிகாரியாக வந்துவிட்டாளே என்று அவருக்கு ஓயாத வயிற்றெரிச்சல். அவருக்கு மட்டுமா? இந்தக் கதையில் பால்காரரைத் தவிர எல்லோருக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

"கேஸ் முடிஞ்சா மாரிதான் மேடம்," என்றார் கோதண்டம். "பெத்தவளுக்கு மூளை சரியில்ல. அதுவே தூக்கினு போய் வெச்சிட்டு மறந்துட்டு கீது."

தெருவே அதைத்தான் சொன்னது. பிரசவத்துக்குப் பிறகு அருள்செல்வி படுத்த படுக்கையாகிவிட்டாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்தபடி கிடப்பாள், குழந்தை அழுதாலும் திரும்ப மாட்டாள். அப்போதுதான் புருஷன் பிரகாசத்தின் அக்கா ஞானகுமாரி பூந்தமல்லியிலிருந்து பெட்டியோடு வந்தாள். புருஷன் விட்டுப்போனவள், பிள்ளை இல்லாதவள். குழந்தையைத் தூக்கியவள் கீழே விடவே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்பத்தூர் டாக்டர் ஒரு புது மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்ல அருள்செல்வி எழுந்து உட்கார்ந்தாள், சிரித்தாள், குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தாட்சாயிணி முதலில் பால்காரரைக் கேட்டார்.

"தெனமும் இதே நேரத்துக்குத்தான் வருவீங்களா?"

"ஆமாம்மா. என்னப் பாத்துத்தான் இந்தத் தெருவே எய்ந்துக்கும்."

"குழந்தை அழுததா?"

"இல்லம்மா. வாயில பால் வாசன அடிச்சிது. வவுறு ரொம்பி தூங்கிகினு இருந்துச்சி."

அடுத்தது ஞானகுமாரி. குழந்தை அவள் தோளில்தான் இருந்தது.

"ராத்திரி என்ன நடந்தது?"

"எப்பவும் போல நானே மாத்திரைய அவ வாயில போட்டு தண்ணி குடுத்தேன் மேடம். நான் அந்தாண்ட திரும்பினதும் துப்பிட்டு கீறா. காலைல தலகாணிக்குக் கீய இது கெடந்துச்சி."

உள்ளங்கையை விரித்தாள். பச்சையும் வெள்ளையுமாக ஒரு கேப்ஸ்யூல், புத்தம் புதுசாகப் பளபளத்தது.

"ஒரு ராத்திரி மாத்திர போடல, பய்ய பைத்தியம் திரும்பிடுச்சி. இவள நம்பி கொயந்தய வுட முடியாது மேடம். போன மாசம் வேப்பம்பட்டுல இவ தம்பி கல்யாணம். அதுக்கே நான் கொயந்தய அனுப்பல. பனி ஆவாதுன்னு நானே வெச்சிகினு இருந்துட்டேன்."

தாட்சாயிணி தலையணையைப் புரட்டினார். வெள்ளை உறையில் ஒரு கறையும் இல்லை.

அருள்செல்வி மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திரை சாப்பிட்டியாம்மா?"

"முயுங்கினேன் மேடம். நல்லா ஞாபகம் கீது." பிறகு அவள் குரல் தேய்ந்தது. "எல்லாரும் சொல்றத பாத்தா எனக்கே பயமா கீது. நானே பண்ணிட்டு மறந்துட்டேனா மேடம்?"

7.10. இரவு ஷிப்ட் முடிந்து பிரகாசம் வந்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கோதண்டம் அதற்குள் பட்டறைக்கு போன் போட்டிருந்தார். பிரகாசம் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டானாம்.

"எங்க போன?" என்றார் தாட்சாயிணி.

"ரயில் ஸ்டேஷனாண்ட டீக்கடையில குந்தினு இருந்தேன்."

"வீட்டுக்கு ஏன் வரல?"

அவன் தரையைப் பார்த்தான். "ஊட்டுக்கு வந்தா இன்னா கீது மேடம்? அக்கா ஒரு பக்கம், இவ ஒரு பக்கம் கொயந்தய இய்த்துகினு கீறாங்க. நான் ஒர்த்தன் கீறேன்னே யாருக்கும் தோணல." பெற்ற பிள்ளையின் மேலேயே அவனுக்குப் பொறாமை. சொல்லிவிட்டு வெட்கப்பட்டான்.

தாட்சாயிணி கேப்ஸ்யூலைக் காட்டினார். அவன் புருவம் சுருங்கியது. "ஒரு மாத்திரைக்கா இப்டி ஆவும்?"

"அப்ப நான் பொய் சொல்றனாடா?" என்று ஞானகுமாரி சீறினாள்.

அக்கா முகத்தைப் பார்த்ததும் தம்பி அடங்கிப்போனான். "இவள வேப்பம்பட்டுக்கு, அம்மா ஊட்டுக்கே அனுப்பிடறேன் மேடம். கொயந்த அக்காகிட்டயே இருக்கட்டும்."

தன் மேலேயே நம்பிக்கை போய்விட்ட அருள்செல்வியால் எப்படிச் சண்டை போட முடியும்?

10.00. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், டாக்டர் பாஸ்கரனின் கிளினிக்.

"மன அழுத்தம் நாள்பட்டா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் உடம்புல ஊறிக்கிட்டே இருக்கும்," என்றார் டாக்டர். "மூளையில செரட்டோனின்னு ஒண்ணு இருக்கு. ஒரு நரம்பு செல் இன்னொண்ணுக்கு அனுப்புற சேதி அது. அதை வாங்கிக்கிறதுக்கு ஏற்பிகள் இருக்கு. கார்டிசால் அடங்காம இருந்தா சில இடங்கள்ல அந்த ஏற்பிகள் குறைஞ்சு போகுது. எலிகள்ல பார்த்திருக்காங்க. மனுஷங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறோம்."

"மாத்திரை அதைச் சரிபண்ணிடுமா?"

"மாத்திரை செரட்டோனினை அன்னிக்கே கூட்டும். ஆனா மனசு அன்னிக்கே தேறாது. மாடித் தொட்டியில ஒரு பந்து மிதக்குமே, பார்த்திருக்கீங்களா? தண்ணி ஏறினா பந்தும் ஏறிக் குழாயை அடைச்சிடும். சேதி அனுப்புற செல்லுலயே அந்த மாதிரி ஒரு ஏற்பி இருக்கு. செரட்டோனின் கூடினதும் 'போதும், நிறுத்து'ன்னு சொல்லிடும். விடாம மாத்திரை சாப்பிட்டா, சில வாரத்துல அந்தப் பந்து தளர்ந்துடும். அப்புறம்தான் தண்ணி தாராளமா வரும்."

"ஒரு ராத்திரி விட்டா?"

டாக்டர் சிரித்தார். "வாரக்கணக்குல தளர்ந்தது ஒரே ராத்திரியில இறுகாதும்மா. அதுவும் இந்த மருந்து உடம்புலயே வாரக்கணக்கா தங்கும். போன மாசம் கல்யாணத்துக்குப் போன இடத்துல மாத்திரையை எடுத்துட்டுப் போக மறந்துட்டாங்க. மூணு நாள் சாப்பிடல. புருஷனும் பொண்டாட்டியும் பயந்துபோய் நேரா இங்க வந்தாங்க. இதையேதான் அவங்களுக்கும் படம் போட்டுச் சொன்னேன். வீட்ல தெரிஞ்சா திட்டு விழும், யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்னு கேட்டுக்கிட்டாங்க."

தாட்சாயிணி நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

11.30. கள்ளிக்குப்பம். மூவரையும் எதிரே உட்காரவைத்துவிட்டு, தாட்சாயிணி கேப்ஸ்யூலை ஒரு தட்டில் வைத்தார்.

"வாயில போட்டுத் துப்பின கேப்ஸ்யூல் இப்படிப் பளபளன்னு இருக்காது. எச்சில் பட்டா பிசுபிசுத்து உறையில ஒட்டியிருக்கும். இது அட்டையிலேர்ந்து நேரா தலையணைக்கு வந்திருக்கு. அருள்செல்வி ராத்திரி முழுங்கினது நிஜம். இதை வேற யாரோ வெச்சிருக்காங்க."

கோதண்டம் பிரகாசத்தை நோக்கி ஓரடி வைத்தார். "மூணு மணிலேர்ந்து இவன் ஆளக் காணோம் மேடம்."

"இவர் இல்லை. ஒரு வேளை மாத்திரை விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு இவருக்குத் தெரியும். மூணு நாள் விட்டும் இவர் பொண்டாட்டி நல்லா இருந்ததைக் கண்ணால பார்த்தவர். இவர் பழி போடணும்னா வேற வழி பார்த்திருப்பார். ஒரு மாத்திரையை ஒளிச்சா போதும், ஊர் நம்பிடும்னு நினைச்சது, இதைத் தலைவலி மாத்திரை மாதிரி, ஒரு வேளை விட்டா உடனே நோவு திரும்பிடும்னு நம்பின ஒருத்தர். கல்யாணத்துக்கும் போகாதவர், டாக்டர்கிட்டயும் போகாதவர்."

தாட்சாயிணி ஞானகுமாரியின் பக்கம் திரும்பினார்.

"ஏன் போகலன்னா, குழந்தையைக் கையை விட்டு இறக்க மனசு வரல. ஞானகுமாரி, குல்லாவும் சாக்ஸும் போட்டு, வயிறு நிறையப் பால் குடுத்து, பால்காரர் வர்ற நேரம் பார்த்து வெச்சீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, பெத்தவளுக்கு மட்டும் ஆகணும். அப்படித்தானே?"

ஞானகுமாரி மறுக்கவில்லை.

"ஒரு வாட்டியா ரெண்டு வாட்டியா, ராவெல்லாம் ஏந்து ஏந்து பால் கலக்கினது நானு. பேதியானப்ப தோள்ல போட்டுகினு விடிய விடிய நடந்தது நானு. மொதமொதல்ல அம்மான்னு என்னத்தான் கூப்டுச்சி. இவ செவுத்த பாத்துகினு கெடந்தா. இப்ப மாத்திர முயுங்கி சிரிச்சதும், போன வாரம் என் மடிலேர்ந்து அவகிட்ட தாவிடுச்சி மேடம். எனக்கு நெஞ்சே வெந்து போச்சி."

பிரகாசம் முகத்தை மூடிக்கொண்டான். தாட்சாயிணி அருள்செல்வியைக் கேட்டார். "இனி உன் முடிவுதான். எழுதிக் குடுத்தா கேஸ் போடறேன்."

அருள்செல்வி எழுந்துபோய் ஞானகுமாரியின் தோளிலிருந்து குழந்தையைப் பிரித்து எடுத்தாள். "கேஸ் வேணாம் மேடம். அண்ணி அவங்க ஊட்டுக்குப் போனா போதும்."

ஞானகுமாரி பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆட்டோ நின்றது. அவளைப் பார்த்ததும் ஷீபா இரண்டு கையையும் நீட்டி வீறிட்டாள். அருள்செல்வி இறுக்கி அணைத்தாள், முதுகைத் தட்டினாள், திருப்பித் திருப்பித் தோள் மாற்றினாள். அழுகை நிற்கவில்லை. பெற்றவளின் முகம் சிறுத்துப்போனது. அவளுக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் குழந்தைக்காக அதை விழுங்கிக்கொண்டு வாசல்வரை போனாள்.

"அண்ணி, இவ இப்டி அயுதா இன்னா பாட்டு பாடுவீங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஞானகுமாரி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அதையும் உனக்கே குடுத்துட்டுப் போணுமா?" என்றாள்.