மூலைக்கு ஒரு பிடி

சமையலறை மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு முறம் அகலத்துக்குத் தரை மட்டும் பளபளவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பழுப்பாகக் கிடக்க, அங்கே மட்டும் சிமெண்டு நேற்றுப் பூசியதுபோல வழவழப்பாக, லேசான ஈரத்தோடு, ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டியது. நாய் வாத்தியார் காபி டம்ளரோடு நின்று அதைப் பார்த்தார். வீடு முழுக்கத் துடைக்கச் சொன்னால் மனைவி ஒரு மூலையை மட்டும் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறாள், இதெல்லாம் ஒரு துடைப்பா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார்.

நாய் வாத்தியார் என்பது தெரு வைத்த பெயர். சாப்பிட அடம்பிடிக்கும் நாய்களையும், சோற்றை வீடு முழுக்க இறைத்துவைக்கும் நாய்களையும் தன் வீட்டில் தங்கவைத்து ஒழுங்குபண்ணி அனுப்புவது அவர் தொழில். நாய்கள்மேல் அவருக்குப் பிரியமும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. வெறுப்பெல்லாம் வளர்ப்பவர்கள்மேல்தான். ஒருத்தி டிவியைப் போட்டுவிட்டு ஸ்பூனால் ஊட்டுகிறாள். இன்னொருத்தன், மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு திரியும் ஆறடி ஆள், பிஸ்கட்டைத் தான் ஒரு கடி கடித்து ‘ஆகா’ என்று கண்ணை மூடிக் காட்டினால்தான் அவன் நாய் வாயைத் திறக்குமாம். பெற்ற தாய் பசிக்கிறது என்றால் திரும்பிப் பார்ப்பார்களோ என்னவோ, நாய்க்கு மட்டும் தலைகீழாக நிற்பார்கள். இவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்.

“அடம்பிடிக்கிற நாய்க்குப் பசி இல்லைன்னு நினைக்காதீங்க. இதைவிட ருசியா ஒண்ணு வரும்னு காத்திருக்கு. கத்துக்குடுத்தது நீங்கதான்.”

அவர் வைத்தியமும் எளிது. தட்டை வைப்பார். கால் மணி நேரம் பார்ப்பார். தொடவில்லையென்றால் எடுத்துவிடுவார், அவ்வளவுதான். இரண்டு நாள் தாக்குப்பிடித்த நாயை அவர் பார்த்ததில்லை. அந்தப் பெருமையைத்தான் வாசல் போர்டில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்.

தையல்காரர் தன் நாயைக் கொண்டுவந்து விட்டது, அந்த மூலையை அவர் பார்ப்பதற்குச் சில நாள் முன்பு, ஒரு பிற்பகலில். ஒல்லியான மனிதர், எதற்கெடுத்தாலும் ‘மன்னிக்கணும் சார்’. பழுப்பு நிற நாய். இடது காது பாதிதான் இருந்தது. சண்டையில் கடிபட்ட காதானால் பிய்ந்து தொங்கும். இது அப்படியில்லை. தேய்ந்துபோன சோப்புக்கட்டி மாதிரி ஓரமெல்லாம் உருண்டு வழவழவென்று முடிந்திருந்தது. தையல்காரரின் வலக்கைச் சுண்டுவிரலும் அதே மாதிரிதான், நகமில்லாமல், பாதியில் உருண்டு முடிந்தது. மெஷினில் விரலைக் கொடுத்திருப்பான், நாயை வளர்க்கும் லட்சணத்தில்தானே தொழிலும் இருக்கும் என்று வாத்தியார் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஊருக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொள்வதாகச் சொன்ன தையல்காரர், கேட்டைத் தாண்டாமல் நின்றார்.

“ஒண்ணே ஒண்ணு சார். இவளுக்குச் சாப்பாடு வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு பிடி எடுத்து மூலையில வெச்சிடுங்க. வெச்சிட்டுத் திரும்பிக்கணும். இவளும் திரும்பிக்குவா. நக்குற சத்தம் நின்னதும் தட்டை வைங்க, சாப்பிட்டுருவா.”

வாத்தியார் சரி சரி என்று தலையாட்டினார். மூலையில் வைத்த பிடியை மகாராணி நக்கி முடிக்கும்வரை ஊரே திரும்பிக்கொள்ள வேண்டுமாம், அவளுக்கு வெட்கமாம். அன்றிலிருந்து நாய்க்கு மகாராணி என்றே பெயர் வைத்துவிட்டார். மூலையில் ஒரு பருக்கைகூட வைக்கவில்லை. முதல் நாள் மாலை மகாராணி தட்டைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து துடைத்துவைத்ததுபோலத் தின்றுவிட்டது. தட்டின் படத்தைப் பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அனுப்பி, பட்டினியைவிடப் பெரிய வாத்தியார் இல்லை என்று ஒரு வரியும் எழுதிப் போட்டார்.

பளபளப்பான மூலையைப் பற்றி மனைவியிடம் அவர் கேட்டது அதற்குப் பிறகுதான். அவள் துடைக்கவில்லை என்றாள். பிறகு, முந்தானையைத் திருகிக்கொண்டு, நாய் பாவமாகப் பார்த்ததாகவும், அவர் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து இத்தனை நாளும் ஒரு பிடியை அந்த மூலையில் தானே வைத்துவந்ததாகவும் ஒப்புக்கொண்டாள். அவருக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரெல்லாம் அனுப்பிய படம் கண்முன் வந்தது. கட்டிய மனைவியே தொழிலுக்குக் குழிபறித்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று கத்தித் தீர்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

“அது இல்லீங்க. அந்தப் பிடியை நாய் சாப்பிடுறதே இல்ல.”

“பின்ன?”

“நான் திரும்பிக்கிறப்போ அதுவும் என் கால்ல ஒட்டிக்கிட்டுதான் நிக்குது. சுவரைப் பார்த்துக்கிட்டு. ஆனா பின்னாடி நக்குற சத்தம் கேக்குது.”

எலி என்றார் அவர். எலி கொறிக்கும், நக்குமா என்று கேட்டாள். நக்குகிற எலி என்றார். சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, அந்த ஒரு பிடியை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று அவர் கதவைச் சாத்தினார்.

அன்று அவரே சமைத்தார். வேகவைத்த கோழியும் சோறும் மணக்க மணக்கத் தட்டில் போட்டு நடுக்கூடத்தில் வைத்தார். மகாராணி வந்தது. தட்டைப் பார்த்தது. பிறகு சமையலறை மூலையைப் பார்த்தது. காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல உடம்பைத் திருப்பி, முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. நடிப்பு என்றார் வாத்தியார் உரக்க. கால் மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிட்டார். மறுநாள் காலையிலும் அப்படியே. மாலையிலும் அப்படியே. அதற்கடுத்த நாள் காலையிலும் அப்படியே.

இரண்டு நாள் தாக்குப்பிடித்த நாயை அவர் பார்த்ததில்லை என்று சொன்னோமே, இப்போது பார்த்தார். மகாராணியின் விலா எலும்புகளை எண்ணலாம்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தையல்காரன் வந்து எலும்புக்கூட்டைக் கூட்டிக்கொண்டு போனால், போர்டைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட வேண்டியதுதான். ஒரு பிடியை மூலையில் வைத்தால் முடிந்துபோகிற காரியம், அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் மீசைக்காரனும் ஸ்பூன்காரியும் செய்கிற வேலையைத் தானும் செய்வதா? செத்தாலும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டார்.

அன்று மாலை, வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டிருக்க, தட்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. அவசரமே இல்லாத, அகலமான நாக்கு சொரசொரப்பான தரையைத் திரும்பத் திரும்ப நீளமாக வழிக்கிற சத்தம். நடுநடுவே மூச்சு வாங்க நிற்கும். பிறகு மறுபடி. கூடவே ஒரு வாடை, ஈரத்துணியை நாள் கணக்கில் மூடிவைத்துத் திறந்தாற்போல, புளிப்பும் வெதுவெதுப்புமாக. மகாராணி அவர் எதிரேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் வாய் மூடியிருந்தது.

எழுந்து போய்ச் சமையலறை விளக்கைப் போட்டார். சத்தம் நின்றது. மூலையில் ஒன்றுமில்லை. முறம் அகலம் இருந்த பளபளப்பு இப்போது சமையலறை வாசற்படிவரை வந்திருந்தது. அரிசி டிரம்மின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் போய், வெறும் தகரம் மினுமினுத்தது. குழாய் கசிகிறது என்றார். குழாய் அந்தப் பக்கமே இல்லை.

காலையில் பளபளப்பு கூடத்துக்கு வந்துவிட்டது. நாற்காலிக் கால் ஒன்றில் வார்னிஷ் இல்லை. தொட்டுப் பார்த்தார், மரம் மெத்தென்று ஊறிப்போயிருந்தது. கட்டிலுக்குக் கீழே விட்டிருந்த அவருடைய ரப்பர் செருப்பைப் போடக் காலை நுழைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஈரம். குதிகால் பதிகிற இடத்தில் ரப்பர் கரைந்து ஓட்டையாகியிருந்தது. அந்த இடம் மட்டும்தான். அவர் குதிகால் வியர்வை ஊறிய இடம்.

தையல்காரருக்குப் போன் போட்டார். நாய் நன்றாக இருக்கிறது, சும்மாதான் கூப்பிட்டேன் என்று ஆரம்பித்தார். தையல்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு பிடி வெச்சிட்டுத்தானே சார் இருக்கீங்க?”

இல்லையென்று சொல்ல வாய் வந்தது. முப்பது வருஷப் பெருமை அந்த வாயைப் பொத்தியது.

“வெச்சேன். வைக்காமலா?”

“நல்லது சார். ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. நான் ஒரே ஒரு வேளை தப்பினேன்.” தையல்காரரின் குரல் தணிந்தது. “அது சோறே போதும்னுதான் இருக்கும். சோறு இல்லாம விட்டா வேற தேடும். வேற ஒண்ணு ருசிச்சிட்டா, அப்புறம் சோத்துக்குத் திரும்பக் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம் சார்.”

போனை வைத்த பிறகுதான் அவருக்கு அந்தச் சுண்டுவிரல் ஞாபகம் வந்தது. ஒரு வேளைக்கு ஒரு விரல். அவர் எத்தனை வேளை தப்பியிருக்கிறார் என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது. வேண்டாமென்று அதை அடக்கினார். மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று சட்டையை மாட்டினார். பாதிச் சட்டையில் நின்றார். போய் என்ன சொல்வது? ஒரு பிடிச் சோற்றுக்குப் பயந்து ஓடிவந்தேன் என்றா? அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்கக் கால் வாசல் பக்கம் நகர மறுத்தது. பெருமைக்கார மனுஷனுக்கு மானம்தான் பெரிய பூட்டு. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்து, உலை வைத்தார்.

சோறு வெந்தபோது மழை கொட்டியது. கரண்ட் போனது. மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஒரு பிடி இல்லை, இரண்டு கையும் நிறைய அள்ளி, கோழித்துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி மேலே வைத்து, மூலையில் குவித்தார். மிச்சத்தை நாய்க்குத் தட்டில் போட்டுக் கூடத்தின் நடுவே வைத்தார். பிறகு மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி கூடத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தண்டனை வாங்கிய பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, நரைத்த தலையோடு. மகாராணி வந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டது. தானும் திரும்பிக்கொண்டது. அதன் உடம்பின் சூடு அவருக்கு ஆறுதலாக இருந்தது. இந்த நாயைப் போய் மகாராணி என்று நக்கலடித்தோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

காத்திருந்தார்.

மழைச் சத்தம். மெழுகு உருகும் வாடை. அதற்கு அடியில் அந்தப் புளிப்பு வாடை, கிட்டத்தில்.

நக்குகிற சத்தம் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுத்தார். கழுத்து வலித்தது. சத்தம் வரவேயில்லை. மெல்ல, திரும்பக் கூடாது என்று தெரிந்தே, திரும்பினார்.

குவித்த சோறு குவித்தபடியே இருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. ஆவி மட்டும் பறந்துகொண்டிருந்தது.

அதைச் சுற்றிப் புது ஈரம். வட்டமாக. ஏதோ ஒன்று வந்து பார்த்திருக்கிறது. மோந்திருக்கிறது. வேண்டாமென்று விட்டிருக்கிறது.

ஈரம் அங்கிருந்து கிளம்பியது. வாசற்படி. கூடம். நாற்காலிக் கால்.

அவர் கால்.

அடம்பிடிக்கிறது. பசி இல்லாமல் இல்லை. இதைவிட ருசியாக ஒன்று வருமென்று காத்திருக்கிறது. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னது, தன் குரலிலேயே, காதுக்குள் கேட்டது. கத்துக்கொடுத்தது யார்?

ஓட நினைத்தார். இடது கால் வரவில்லை. வலி இல்லை. குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவுதான். எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. குனிந்து மெழுகுவர்த்தியைக் கீழே கொண்டுபோனார். குதிகால் இருக்க வேண்டிய இடம் உருண்டு, வழவழவென்று, பாதியில் முடிந்திருந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை. அவ்வளவு சுத்தம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். சுடரில் பக்கச் சுவரில் அவர் நிழல் தெரிந்தது. மடக்கிய கால்களுக்குப் பக்கத்தில் நிழலில் இன்னொன்று தாழ்வாகக் குனிந்திருந்தது. தரையில் அந்த இடம் காலி.

மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். காற்றுதான் வந்தது.

மகாராணி எழுந்தது. பக்கத்தில் வந்தது. அந்தப் பாதிக் காதை நிமிர்த்தி, அவர் முகத்தை ஒரு முறை, பழக்கப்பட்டவரைப் பார்ப்பதுபோல, நிதானமாகப் பார்த்தது. அவர் கையை நீட்டினார். நீட்டிய விரல்களை நாய் மோந்து பார்த்துவிட்டு விலகியது.

காலடியில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல். நீளமாக.

கூடத்தின் நடுவே நாய்க்கு வைத்த தட்டு அப்படியே இருந்தது. மகாராணி தட்டைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பிறகு மெல்ல உடம்பைத் திருப்பி, முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்தது.