குதிகாலால் இரண்டு தட்டு

மேடைச் சட்டையின் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது என்று அண்ணன்தான் காட்டினார். ஒப்பனை அறையில் வெள்ளை நூல் இல்லை. கறுப்பு நூலிலேயே, சட்டை அவர் உடம்பில் இருக்கும்போதே தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள் தங்கை. பவுடரும் வியர்வையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது.

“பாத்து கிளி, பொத்தானோட நெஞ்சையும் சேத்துத் தச்சிடாதே” என்றார் அண்ணன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். “இத்தனை வருஷமா என் வசனத்தை எனக்கே சொல்லிச் சொல்லி, இவளுக்குன்னு சொந்தமா ஒரு வார்த்தை கிடையாது. இவ வீட்டுக்காரர் ஏன் ஓடிப்போனார்ங்கிறீங்க? கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னா மனுஷன் என்னதான் பண்ணுவார்?”

அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். ஊசியை நூல்கண்டில் அழுத்திக் குத்தி வைத்தாள்.

மேடையில் வசனம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பக்கத்திரைக்குப் பின்னால், பார்க்க வந்தவர்கள் கண்ணில் படாமல் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அண்ணனுக்கு வசனம் மறந்தால் குதிகாலால் பலகையை இரண்டு முறை தட்டுவார். டொக், டொக். அவள் முதல் வார்த்தையை மெல்லச் சொல்வாள். அந்தத் தட்டின் அர்த்தம் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று மாலை, நாற்காலியில் உட்கார்ந்து கனவைச் சொல்லும் காட்சியில், அவர் தட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும். மறுபடி தட்டினார். முழி பிதுங்கியது, வாய் கோணியது. சிரிப்பு நடிகர் அல்லவா, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடியும் அடக்க முடியவில்லை. திரை விழுந்து விளக்கு எரிந்தபோது அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் ஓய நேரமானது.

மாரடைப்பு என்றார் டாக்டர். நடித்துக்கொண்டே போன பாக்கியசாலி என்றார்கள் வந்தவர்கள். “கடைசி வரைக்கும் நீதானேம்மா பக்கத்துல இருந்தே” என்று அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் தட்டியதை அப்போதும் அவள் சொல்லவில்லை.

அண்ணன் நினைவாக அதே நாடகத்தை மறுபடி போடுவது என்று முடிவாயிற்று. வரமாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வந்தாள். ஒத்திகைக்கு நடுவில் எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். திரை இழுக்கிறவர் மட்டும் வாசலில் நின்று பார்த்தார்.

“வரலையா கிளி? இருட்டுல தனியா இருக்கே. பேய் கீய் பிடிச்சிடப் போகுது.”

“பிடிச்சா பேய்க்குத்தான் கஷ்டம். நீங்க போங்கண்ணே.”

அவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். வெளியே நல்ல வெயில். உள்ளே கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக வந்த ஒற்றை வெளிச்சக் கீற்று மட்டும் மேடை நடுவில் இருந்த நாற்காலியின் காலடியில் விழுந்திருந்தது. நாள்பட்ட திரைத்துணியின் புழுங்கல் நாற்றமும், சூடு ஆறும் விளக்குகள் முறுக்கிக்கொள்ளும் சின்னச் சின்னச் சத்தமும், எங்கோ சொட்டிக்கொண்டிருந்த குழாயும் சேர்ந்து, அந்தக் கூடம் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய உடம்பு போல அவளைச் சுற்றி மூச்சுவிட்டது.

டொக், டொக்.

விளக்குச் சட்டம்தான் என்று நினைத்தாள். குழாய் என்று நினைத்தாள். பவுடர் வாசம் வந்தபோது எதையும் நினைக்க முடியவில்லை.

டொக், டொக்.

பக்கத்திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினாள். நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும், வெளிச்சம் விழுந்த பலகையிலிருந்து தூசி துள்ளி எழுந்தது.

எப்படியோ வாயைத் திறந்தாள். “நேத்து ராத்திரி ஒரு கனவு…” அன்று கொடுக்காத வார்த்தைகள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

தட்டு நிற்கவில்லை. வேகமானது.

அடுத்த வரியைச் சொன்னாள். அதற்கடுத்ததை. காட்சி முழுவதையும் சொல்லி முடித்தாள். வசனம் கிடைத்துவிட்டால் அண்ணன் தட்டமாட்டார். ஒருநாளும் தட்டியதில்லை.

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கும் அவர் வசனம் கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

“அண்ணா” என்றாள். எழுந்தால் ஏழெட்டு அடிதான். எழ வேண்டும்.

கீழே கூடத்தில் கிறீச் என்றது. ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் நாற்காலிகள் அவை. முன்வரிசையில் ஒன்று தாழ்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக. ஆட்கள் உட்கார்ந்தது போல எல்லாம் தாழ்ந்து, அசையாமல் நின்றன. இருமல் இல்லை. மூச்சு இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனால் அத்தனை பேரும் அவளைப் பார்ப்பார்கள்.

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

சிரிப்புக் கேட்டது. கூடத்திலிருந்து இல்லை. அவள் காதுக்குப் பின்னாலிருந்து. கையால் வாயைப் பொத்தியும் விரலிடுக்கில் கசியும் சிரிப்பு. தெரிந்த சிரிப்பு. அவள் சிரிப்பு.

திரும்பவில்லை.

வெளிச்சத்தில் தூசி துள்ளியது. துள்ளிய தூசிக்கு நடுவே, பலகையில், கறுப்பு நூலோடு ஒரு பொத்தான் விழுந்து சுழன்றது. சுழன்று, சாய்ந்து, அடங்கியது.

தட்டு மெதுவானது. ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அவள் முக்காலியை விட்டு எழவில்லை.