தொழுவத்துக் காளை

மழைச் சத்தத்தையும் மீறிக் கதவு தடதடத்தது. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஆபேல் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. 1931-ம் வருஷத்து இடவப்பாதி மழை அவர் முழங்கால்களில் மூன்று நாளாகப் பெய்துகொண்டிருந்தது. அவரிடம் ஏட்டாக இருந்த சுயம்புதான் ஓடிப்போய்த் திறந்தார்.

நனைந்து நின்றவள் தங்கபாய், மிஷன் பெண்கள் பள்ளியின் டிராயிங் டீச்சர்.

"நான் கள்ளியில்ல ஐயா."

"அத நான் இன்னும் கேக்கல்லியே. இரி மக்கா."

காணாமல் போனதாகச் சொன்னது, பள்ளிக்கு ஒரு துரை விட்டுப்போன பொருள்: ஐந்நூறு வருஷத்துக்கு முன் கன்றுத்தோலில் தீட்டிய ஜெபப் புத்தக ஏடு. பொன் பூசிய தொழுவம், குழந்தை இயேசு, ஒரு காளை. அதைப் பார்த்துத் தங்கபாய் கெட்டி அட்டையில் நகல் வரைந்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடிச் சட்டம். மானேஜர் டைட்டஸ் அசலைப் பட்டணத்துக் காட்சிசாலைக்கு அனுப்பியதாகச் சொன்னார். 'இது அட்டையில் வரைந்த நகல்' என்ற கடிதத்தோடு அது திரும்பி வந்துவிட்டது.

"அசல நான் மாத்தி வித்துட்டேனாம். அவரு ரூமுக்குள்ள விடவே மாட்டேங்காரு. நாளைக்குள்ள கொண்டு வரல்லன்னா வேலையும் போச்சு, போலீசும் வரும்."

"நகல் அசல் மாதிரியே இருக்குமா?"

"ஒரு கோடு மாறாது ஐயா."

ஆபேல் சிலேட்டை நீட்டினார். "அந்தக் காளைய மட்டும் வரை, பாப்போம்."

இரண்டே நிமிஷம். சுயம்பு எட்டிப் பார்த்தார். "நம்ம கொட்டாரம் ஊருல வண்டி இழுக்குத காளையேதான். மூக்கணாங்கயிறுகூட உண்டு."

ஆபேல் பெருமூச்சு விட்டுக் குடையைத் தேடினார்.

டைட்டஸ் நாலு ஏர் வைத்து உழும் சம்சாரி. பள்ளியையும் வயலைப்போலவே அதட்டி நடத்துபவர். தங்கபாயையும் கூட்டிக்கொண்டு அவர்கள் பள்ளியில் அவர் அறைக்குள் நுழைந்தபோது, திரும்பி வந்த படம் மேசையில் கிடந்தது. மற்றது சுவரில் தொங்கியது.

"சட்டம் போட்ட ஆசாரி வீட்டச் சோதனை போடுவமா?" என்று சுயம்பு பரபரத்தார்.

"முதல்ல சுவரப் பாரும்வே."

சுவரில் இருந்த படம் கண்ணாடிக்குள் உப்பி நெளிந்திருந்தது. மேசையில் கிடந்தது பலகைபோல் நேராக இருந்தது.

"மழைக்குத் தவில் என்னவே ஆவும்?"

"தொய்ஞ்சு போவும். தோலுல்லா..." சுயம்புவின் வாய் திறந்தபடியே நின்றது.

"சுவருல தொங்குகதும் தோலுதான். அசல் இந்த ரூம விட்டுப் போகவே இல்ல. மானேஜரே, நகல அனுப்புனது நீருதான்."

"இருக்காது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துத்தான் அனுப்புனேன்."

"காளையப் பாத்தீரா?"

அசலில் காளையின் மூக்கு வெறுமையாக இருந்தது. நகலில் கயிறு ஓடியது. தங்கபாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் தன் விரல்களைப் பார்த்தாள்.

"கை தன் பழக்கத்துல போட்ட கயிறு மக்கா," என்றார் ஆபேல். "வரைஞ்ச சீமைக்காரன் மூக்கு குத்தல்ல. இப்ப நீரு சொல்லும் மானேஜரே, எத வச்சு அசல்னு முடிவு பண்ணுனீரு?"

டைட்டஸ் தங்கபாயை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கயிறில்லாத காளையப் பாத்ததும், பொம்பளதானே, கயிற வரைய மறந்துட்டா, அதுதான் நகல்னு நெனச்சேன்."