மலையேறாத விருந்தாளி

உடுக்கையைக் கிழித்தவன் நான்தான். அதில் சந்தேகமே வேண்டாம். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் சாட்சி.

திருப்பூர் மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனிக்கு மேல்மாடியில் வீடு. அதில் ஓர் அறை முழுக்க வாத்தியங்கள். வீணை, வயலின், ஆர்மோனியம், நாகஸ்வரம், அந்த உடுக்கை. ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன டீ-ஷர்ட்டுகளை அவற்றுக்கு மாட்டி வைத்திருக்கிறேன். வீணைக்கு டபுள் எக்ஸெல். எனக்கு வாசிக்கத் தெரியாது, வாங்கத்தான் தெரியும்.

அந்த ஞாயிறு மத்தியானம் விருந்தாளிகளுக்கு முன்னால் பூசாரி மாதிரி உடுக்கையை அடித்து, "வா தாயி, வந்து எறங்கு" என்று கண்ணை உருட்டினேன்.

"ஏனுங்க, அதை வெளையாட்டுக்கு அடிக்காதீங்க" என்றாள் என் மனைவி நிர்மலா.

நான் கேட்டால்தானே. சத்தம் ஏறட்டுமென்று நடுக்கயிற்றை இறுக்கினேன். தோல் கிழிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலா மட்டும் வாசற்படியில் யாருக்கோ வழி விடுவதுபோல ஒதுங்கி நின்றாள்.

மறுநாள் காலையில் காபியை நீட்டினாள்.

"ஆறிரப் போகுது. குடி கண்ணு."

எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷனை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவாள். 'கண்ணு' என்பது பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுவது. இத்தனை வருஷம் கழித்துக் கொஞ்சுகிறாளே என்று வெட்கப்பட்டு, இன்னொரு தடவை தலை சீவிக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது. சோற்றில் உப்பைத் தொடவில்லை. கண்ணாடி பார்க்காமலே பொட்டு வைத்துக்கொண்டாள். பக்கத்தில் வந்தால், தோண்டிப் போட்ட ஈரமண் வாசனை.

துப்பறியலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"நம்ம கல்யாணத்தன்னைக்கு மழை பேஞ்சுதே, நாவகமிருக்குதா?"

"மழை எல்லார்த்து கல்யாணத்துக்கும் பேயும் கண்ணு."

கல்யாணத்தன்று மழையே பெய்யவில்லை.

உடுக்கையைத் தூக்கிக்கொண்டு அனுப்பர்பாளையத்துக்கு ஓடினேன். அங்கே தோல் கட்டுகிற லிங்கசாமி இருக்கிறார்.

"அடிச்சு அழச்சீங்களா?" என்றார்.

"வெளையாட்டுக்குங்க."

"மலையேத்துனீங்களா?"

அழைத்த சாமியைத் திரும்ப வழியனுப்பி வைப்பதை அப்படித்தான் சொல்வோம்.

"அதுக்குள்ளார கிழிஞ்சு போச்சுங்க."

அவர் புதுத்தோலை இழுத்துக் கட்டி முடித்ததும் உடுக்கையைக் காதோடு வைத்துக் கொஞ்சநேரம் கேட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்தது யாருங்க?" என்றேன்.

"ஊட்ல எல்லாம் சௌக்கியமுங்களா?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

"கேக்க வேண்டிய எடத்துல கேளுங்க" என்று உடுக்கையை என் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உடுக்கையை வாத்திய அறை அலமாரியில் வைத்தேன். சாயங்காலம் கரண்ட் போனது. கீழே ஓவர்லாக் தையல் மெஷின்கள் ஒன்றாக அடங்கின. திருப்பூரில் அப்படியொரு அமைதி வந்தால் காதுதான் வலிக்கும்.

அப்போது கேட்டது.

டுக்... டுக்.

வாத்திய அறையிலிருந்து.

எலி என்று சொல்லிக்கொண்டேன்.

டுக்... டுக்... டுக்.

எலி இப்படி நின்று நிதானமாகத் தட்டாது.

எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு என் நிர்மலா வேண்டும். 'ஏனுங்க' என்கிறவள் வேண்டும்.

"நீ... நிர்மலாதானே?"

"இல்ல கண்ணு."

பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அவ எங்க?"

டுக். டுக். டுக்.

"உடுக்கைக்குள்ளார. அன்னைலிருந்து உன்னயத்தான் கூப்புட்டுட்டு இருக்கறா. நீதான் வாங்கி வெச்ச எதையும் காது குடுத்துக் கேக்கறதே இல்லியே கண்ணு."