நீல வண்டியும் ரெக்கவரி மச்சானும்

கார் அழகுப் போட்டி நாளன்று காலை ஆறரைக்குக் காட்சிக்கூடத்தின் விளக்குகளைப் போட்டார்கள். ஏழாம் எண் கட்டத்தில் நீல வண்டி இல்லை.

கட்டம் இருந்தது. சுற்றிக் கட்டிய கயிறு இருந்தது. 'தொடாதீர்கள், மூச்சுகூட விடாதீர்கள்' என்ற அட்டையும் இருந்தது. வண்டியை மட்டும் காணோம். அதன் சொந்தக்காரர் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிழைப்புக்கு அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர் அவர். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய தன் வண்டிக்கும் தரைக்கும் நடுவே சரியாக நாலு விரல்தான் நுழையும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததால், தாழ்வண்டிச் சங்கத்தில் அவருக்கு நாலுவிரல் என்றே பெயர் விழுந்துவிட்டது. அழைத்தால் அவரும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்.

சங்கத்தார் போன் போட, வண்டி விஷயம் என்று ஏழரைக்குப் போக்குவரத்து இன்ஸ்பெக்டரே வந்தாள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு: வேகத்தடை. சங்கத்தில் அவளிடம் அபராதம் கட்டாத ஆள் கிடையாது. இந்த வண்டிகளைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். நாலு பேர் போகும் வண்டியை நசுக்கி, ஒரு மழைக்கே முங்கும்படி செய்துவிட்டு அதை அழகு என்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் வீட்டில் சொல்ல ஆளில்லையா என்பது அவள் கட்சி. ஆனாலும் திருட்டு திருட்டுதான்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ராத்திரி பத்துக்கு, மேடம். நான்தான் உறை போட்டேன். பக்கத்து அறையில சங்கத்து ஆளுங்களோட படுத்தேன்."

"சாவி?"

"இடுப்புலயே இருக்கு. இதோ. இதுக்கு ரெண்டாவது சாவி கிடையாது."

"சாவி இல்லாம தள்ளிட்டுப் போக முடியுமா?"

"ஸ்டியரிங் பூட்டிக்கும் மேடம். நேரா தள்ளலாம், திருப்ப முடியாது. வின்ச் போட்டு இழுத்தா நேரா லாரியில ஏத்திடலாம்."

லாரி என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. வாசலருகே தூக்குவாளியோடு ஒருவர் நின்றிருந்தார். நாலுவிரலின் மனைவிக்கு அண்ணன். பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரி ஓட்டுகிறவர். தங்கை கணவர் மச்சான் மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, சங்கமே அவரை மச்சான் என்றுதான் அழைக்கும்.

சங்கத்தின் தலைவர் முன்னால் வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். தாடியும் குரலும் பெரியவை.

"மேடம், நான் பேரைச் சொல்லல. ஆனா நேத்து சாயங்காலம் இவங்க ரெண்டு பேருக்கும் சரியான சண்டை. மச்சான் ஏர் சஸ்பென்ஷன் கட்சி. பட்டனை அமுக்கினா ஏறணும், இறங்கணும். நாலுவிரல் அதை ஒத்துக்கவே மாட்டார். காத்தை அடைச்சு ஏத்தி இறக்குறது வண்டியில்ல, பலூன்னு சொல்லுவார். அடியில உரசின தழும்பு இருந்தாத்தான் வண்டின்னுவார். கடைசியில மச்சான், 'ஒரு நாள் இல்ல ஒரு நாள் உன் வண்டியைத் தூக்கத்தான் போறேன்'னு கத்தினார். எல்லாரும் கேட்டோம்."

"உயரத்தைச் சொன்னேன் தலைவரே," என்றார் மச்சான். "வேற என்னத்தைச் சொன்னேன்?"

இரவுக் காவலாளி இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டாள்.

"ராத்திரி எந்த வண்டி வெளியே போச்சு?"

"ரெக்கவரி லாரி ஒண்ணுதான் மேடம். பத்தரை இருக்கும். கொட்டுற மழை. மேல தார்ப்பாய் கட்டியிருந்துச்சு."

"தார்ப்பாய்க்கு அடியில?"

"இருட்டுங்க. நான் குடைக்குள்ள நின்னேன்."

கூடம் சலசலத்தது. "பார்த்தீங்களா!" என்றார் தலைவர். நாலுவிரலின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். காணாமல் போன வண்டியின் இருக்கைகளையும் அவள்தான் தைத்தாள். அவள் அண்ணனையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவர் தரையைவிட்டுத் தலையை நிமிர்த்தவேயில்லை.

"என்னங்க, ஏதாவது பேசுங்க. எங்க அண்ணன் அப்படிச் செய்வாரா?"

அவர் இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தாள்.

விடிந்தபின் மச்சான் திரும்ப ஓட்டி வந்த லாரி வெளியே முற்றத்தில் நின்றது. அவள் தார்ப்பாயை அவிழ்த்தாள். மேடையில் ஒரு பழைய கம்பளம் விரித்திருந்தது. கம்பளத்தின் மேல் சக்கரத் தடங்கள், வெள்ளைத் தூசியாக. பின்னாலேயே வந்த கூட்டம் ஓவென்று கத்தியது. ஒல்லியான டயர் தடம் ஒன்றைக் காட்டி, அது நீல வண்டியுடையதுதான் என்று ஒருவர் சத்தியம் செய்தார்.

"லாரி மேடையில கம்பளம் எதுக்கு?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"சும்மா, மேடம்."

"இந்தத் தடம் யாரு வண்டியோடது?"

மச்சான் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சொல்ல முடியாது மேடம்."

"சொல்லலைன்னா புகார் உங்க பேர்ல எழுதணும். எழுதினா லாரி பர்மிட் நிக்கும். தெரியுமா?"

"தெரியும். எழுதிக்கோங்க."

இவர் என்ன மனுஷன் என்று அவளுக்குத் தோன்றியது. திருடினவன் பொய் சொல்லுவான். இவர் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. தங்கச்சி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் கம்பளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு குனிந்து முற்றத்துச் சேற்றையும் பார்த்தாள். பொழுது சாயும்போது தொடங்கிய மழை விடிகிறவரை விடவில்லை. அவள் பூட்ஸிலேயே அரைக்கிலோ சேறு ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கூடத்துக்குத் திரும்பினாள்.

போட்டியின் நடுவர் வந்துவிட்டிருந்தார். ரயில் பெட்டிகளைச் சோதிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சக்கரம் வைத்த பெரிய கண்ணாடி ஒன்றைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"இது எதுக்குங்க?"

"வண்டிக்கு அடியில தள்ளினா வயிறு தெரியும், மேடம். தலைவர் நேத்து ராத்திரி சாப்பாட்டுலதான் அறிவிச்சார். இந்தத் தடவை பெரிய பரிசு மேல்பூச்சுக்கு இல்ல, தழும்புக்கு. லாரியில ஏத்திட்டு வராம, உண்மையிலேயே ரோட்டுல ஓட்டி அதிகம் உரசின வண்டிக்கு."

"நாலுவிரல் அண்ணனுக்குத்தான் கிடைச்சிருக்கும்," என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். "அத்தனை தூரத்தையும் ஓட்டியே வர்ற ஒரே மனுஷன். லாரியில ஏத்திட்டு வந்தா அது வண்டியில்ல, பொம்மைன்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்."

கோடியில் பன்னிரண்டாம் கட்டத்தில் மட்டும் ஒரு வண்டி இன்னும் சாம்பல் நிற உறைக்குள் இருந்தது.

"அது?"

"பல் டாக்டரோடது," என்றார் தலைவர். "ராத்திரி லேட்டாத்தான் வருவேன்னார். போட்டுட்டு எங்கயாவது லாட்ஜுல தூங்கிட்டிருப்பார், போனை எடுக்கல. அவர் இல்லாம உறையைத் தொட்டா பல்லைப் பிடுங்கிடுவார். ஏர் வண்டி, மேடம். நிறுத்தினதும் காத்தை முழுசா இறக்கிடுவார். வயிறு தரையில ஒட்டிக்கும். அடியில ஒரு தாள்கூட நுழையாது."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், கூடத்தில் வளரும் பூனைக்குட்டி ஒன்று அந்தச் சாம்பல் உறையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு தலையை நீட்டியது. பிறகு உடம்பை இழுத்து வெளியே வந்தது. சோம்பல் முறித்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மச்சானைத் திட்டுவதிலேயே மும்முரமாக இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் காவலாளியிடம் போனாள். "ராத்திரி ஏதாவது வண்டி உள்ள வந்துச்சா?"

"ஒண்ணும் வரலையே, மேடம்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க வெளியே போனதைத்தானே கேட்டீங்க!"

ஐயோ என்றிருந்தது அவளுக்கு. தன் தப்புதான். நேரே பன்னிரண்டாம் கட்டத்துக்கு நடந்து உறையின் நுனியைப் பிடித்தாள். தரையில் இருந்த நாலுவிரல் அப்போதுதான் முதல் தடவையாக எழுந்து நின்றார். "மேடம்," என்றார்.

உறையை இழுத்தாள். உள்ளே நீல வண்டி.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் கையை உயர்த்தினாள்.

"டாக்டர் இன்னும் வந்தே சேரல. வந்திருந்தா காவலாளி பார்த்திருப்பார். அவர் வண்டி இங்க நின்னிருந்தா, அடியில பூனைக்குட்டி படுத்திருக்க முடியாது, நசுங்கியிருக்கும். அப்போ இந்த உறைக்குள்ள இருக்கிறது காத்து இறங்காத வண்டி. நீல வண்டி இந்தக் கூடத்தை விட்டுப் போகவேயில்ல. ஏழாம் கட்டத்துல இருந்து இங்க வரணும்னா ஒரு தடவை திருப்பியாகணும். ஸ்டியரிங்கைத் திருப்பணும்னா சாவி வேணும். சாவி ஒண்ணுதான்." அவள் நாலுவிரல் பக்கம் திரும்பினாள். "அது உங்க இடுப்புல. உங்க உறையை எடுத்துட்டு வேற உறையைப் போட்டிருக்கீங்க."

"சொந்த வண்டியை எவனாவது ஒளிச்சு வைப்பானா?" என்றார் தலைவர்.

"கண்ணாடியைத் தள்ளுங்க."

நடுவர் தள்ளினார். எல்லாரும் குனிந்தார்கள். நீல வண்டியின் அடிவயிறு, அன்றைக்குத்தான் பூசியதுபோல் பளபளத்தது. ஒரு கீறல் இல்லை.

"இது ரோட்டுல ஓடின வண்டி இல்ல," என்றாள் அவள். "கம்பளத்துத் தடத்துல இருந்தது காய்ஞ்ச தூசி. ராத்திரி ஏத்தியிருந்தா சேறு இருந்திருக்கும். அது வந்த தடம், போன தடம் இல்ல. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடியே இந்த வண்டி மச்சானோட லாரியிலதான் வந்திருக்கு. பக்கத்துத் தெருவுல இறக்கி, வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வந்திருக்கீங்க."

நாலுவிரல் முகத்தை மூடிக்கொண்டார்.

"அடிப்பக்கம் முழுக்க நானும் மச்சானும் ஆறு வருஷம் உட்கார்ந்து செஞ்சது மேடம். செஞ்சு முடிச்ச அன்னைக்கு எடுத்தேன். எங்க தெருமுனையில உங்க வேகத்தடை இருக்கு. அதுமேல ஏத்தாம கிட்டத்துல போய் நின்னுட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்கிற தைரியம் வரல. அப்படியே ரிவர்ஸ்ல வந்துட்டேன். அன்னையில இருந்து மச்சான்தான் ஏத்திட்டு வர்றார். பொம்மை பொம்மைன்னு மத்தவங்களைச் சொல்லிட்டு... கண்ணாடின்னதும் பதறிட்டேன். பரிசு கொடுத்து முடியறவரைக்கும் மறைச்சு வைக்கலாம்னு நினைச்சேன். போலீஸ் வரும், மச்சான் மேல பழி போடுவாங்கன்னு சத்தியமா யோசிக்கல."

"யோசிக்கல சரி. அப்புறம் வாயை ஏன் மூடிட்டு இருந்தீங்க?" என்று கேட்டது அவர் மனைவி. நாலுவிரல் மச்சானிடம் போய் நின்றார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே மச்சான். பர்மிட்டே போயிருக்கும்."

"சொன்னா உன் மானம் போயிடுமே மாப்பிள்ளை," என்றார் மச்சான். "லாரி போனா இன்னொண்ணு வாங்கலாம்."

நாலுவிரல் பொது இடம் என்றும் பார்க்காமல் விம்மி அழுதார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அழுதுட்டா ஆச்சா? இத்தனை நாள் நம்மளை ஏமாத்தியிருக்கார். இப்பவே சங்கத்தை விட்டு நீக்கணும்!" ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. கொஞ்சம் முன் மச்சானைத் திட்டியவையும் இதே குரல்கள்தான்.

"இருங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "எல்லாரும் கம்பளத்தைப் பார்த்தீங்க. ஒல்லித் தடத்தை மட்டும்தான் பார்த்தீங்க. அதுமேல அகலமான தடம் ஒண்ணு, பூப்போட்ட டயர் ஒண்ணு, நடுவுல கோடு போட்டது ஒண்ணு. எல்லாமே காய்ஞ்ச தூசி. ரெக்கவரி லாரியில பழுதான வண்டிக்கு யாரும் கம்பளம் விரிக்கிறதில்ல."

"மேடம், வேணாம்," என்றார் மச்சான். "விட்டுடுங்க. பாவம்."

அவள் விட்டுவிட்டாள். யார் பெயரையும் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு கை மெல்ல உயர்ந்தது, மஞ்சள் வண்டிக்காரருடையது. பக்கத்திலிருந்தவர் அவரை வியப்பாகப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். அப்புறம் இன்னொன்று. தான் மட்டும்தான் திருட்டுத்தனமாக லாரியில் வந்ததாக ஒவ்வொருவரும் இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். ஒருவர் ரகசியத்தை இன்னொருவர் காதில் போடாமல், எல்லாரையும் வேறு வேறு நேரத்தில் இறக்கிவிட்டிருக்கிறார் மச்சான். கடைசியாகத் தாடியைச் சொறிந்தபடி தலைவரின் கை தோள்வரைக்கும் வந்தது.

"தலைவரே," என்றார் மச்சான். "உங்களை இந்த வருஷமே ரெண்டு தடவை ஏத்திட்டு வந்தேன். இன்னொரு கை எங்கே?"

கூடம் அதிர்ந்து சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, எல்லார் முன்னாலும் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டார். இன்ஸ்பெக்டர் புகார்த்தாளை இரண்டாகக் கிழித்தாள். பெரிய பரிசு அந்த வருஷம் யாருக்கும் இல்லை என்று நடுவர் சொன்னதற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் நாலுவிரல் கூடத்துக் கதவைத் திறந்தார். லாரிப் பக்கம் போகவில்லை. சாவியை மச்சானின் கையில் வைத்தார்.

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளை? நான் ஏத்தத்தானே செய்வேன். இதை ஒரு நாளும் ஓட்டினதில்லையே."

"நான்தான் கொடுக்கவேயில்ல. இன்னைக்கு நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உட்காந்துக்கிறேன்."

தங்கச்சி பின்னிருக்கையில், தான் தைத்த உறையின்மேல், முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் எதுவும் கேட்காமல் தெருவில் இறங்கிக் கையை நீட்டி, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினாள். பேருந்துக்காரர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

வாசல் மேட்டில் நீல வண்டி மூக்கை வைத்தது. அடியில் கரகரவென்று ஒரு சத்தம். மச்சான் சட்டென்று பிரேக்கை மிதித்து, குற்றம் செய்தவர்போல் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

நாலுவிரல் கண்களை இறுக்கி மூடியிருந்தார். பிறகு ஒன்றைத் திறந்தார்.

"உரசிடுச்சு," என்றார். "போங்க மச்சான்."