மழை விட்ட பிறகும்

பதினாறாம் நாள் பந்தியில் முதல் இலை வெளியாட்களுக்குத்தான். பாளையங்கோட்டையில் இப்போது அதுதான் வழக்கம். இறந்தவரிடமிருந்து நினைவு வாங்கிக்கொண்டவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து வரிசையாக உட்காருவார்கள். வீட்டுக்காரர்கள் நின்று பரிமாறுவார்கள். சோற்றில் கை வைக்கும் முன் ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘அவர்’ என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

வடிவு வடை வாளியோடு நின்றிருந்தாள். இறந்துபோன அணஞ்சபெருமாள் தாத்தாவின் ஒரே பேத்தி. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடற்காற்றாலைகளில் வேலை. வந்திருந்த கூட்டத்தைப் பார்த்து அவளுக்கு மலைப்பாக இருந்தது. கூடம் நிரம்பி, வாசல் நிரம்பி, பந்தல் தெருமுனை வரை போயிருந்தது.

தாத்தாவின் கை ஓட்டைக் கை என்பது ஊரறிந்த விஷயம். மின்பேருந்து டிப்போவில் மேலாளராக இருந்தவர். ஒருமுறை செருப்பு வாங்கக் கடைக்குப் போய் வெறுங்காலோடு திரும்பி வந்தார். புதுசையும் பழசையும் வழியில் இரண்டு பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. “இந்த மனுசன்கிட்ட உசிரை மட்டும் கேட்றாதீங்கலே, மறு பேச்சில்லாமக் குடுத்துருவாரு” என்று டிப்போவில் கேலி செய்வார்கள். கடைசியில் நினைவையும் கொடுக்கலாம் என்று ஒரு காலம் வந்தது. கேட்கவா வேண்டும்!

மறதிக் காய்ச்சல் அடித்த வருடங்கள் அவை. பிழைத்து எழுந்தவர்களுக்குப் பெற்ற தாயின் முகம்கூடத் தெரியவில்லை. பசித்தது, ஆனால் எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று விளங்கவில்லை. அப்போதுதான் மருத்துவர்கள் நினைவொட்டைக் கண்டுபிடித்தார்கள். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது போலத்தான். இன்னொருவரின் நினைவு ஒன்றை எடுத்து ஒட்டினால், அதிலிருந்து மனசு மெல்லத் துளிர்க்கும். ஒரே ஒரு சங்கடம், கொடுத்தவருக்கு அது பிறகு கிடையாது.

“மாப்பிள்ளை அழைப்புல நடுத்தெருவுல என் வேட்டி அவுந்துட்டு,” என்று ஒரு கல்லூரிப் பெண் வெட்கத்தோடு சொன்னாள். பந்தல் முழுவதும் சிரித்தது. அடுத்து ஒரு கிழவர், முதன்முதலாகப் பேருந்தை ஓட்டி மதில் சுவரில் இடித்ததைச் சொன்னார். எல்லாம் தாத்தாவின் வாழ்க்கை, ஆனால் ஆளுக்கொரு வாயில் இருந்தது. வடிவும் சிரித்தாள். ஆனால் அவள் காது வேறொன்றுக்காகக் காத்திருந்தது.

பந்தலின் மூலையில் மீட்பு அலுவலர் ராஜம் தன் கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தி முடிவதற்குள் ரத்த உறவு யாரும் கேட்டால், ஒட்டிய நினைவைத் திரும்ப எடுத்துத் தர வேண்டும் என்பது சட்டம். எடுத்தால் வாங்கியவரின் மனசில் அதிலிருந்து துளிர்த்ததும் வாடிப்போகலாம், போகாமலும் இருக்கலாம். வடிவு காலையிலேயே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒன்றை மட்டும் எடுக்க வேண்டியிருக்கும் என்று.

அவள் பிறந்தது மழையே இல்லாத வருடங்களில். காற்றிலிருந்து நீர் பிழியும் யந்திரம்தான் ஊருக்குத் தண்ணீர் தந்தது. பள்ளியில் சேர்ந்த வருடம் திடீரென்று வானம் கொட்டியபோது அவள் மிரண்டு போனாள். தாத்தா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மழைக்குள் போனார். அப்பாவின் முகம் தெரியாமல் வளர்ந்தவளுக்குக் குழந்தைப் பருவம் என்றால் அந்த ஒரு நாள்தான்.

போன முறை விடுப்பில் வந்திருந்தபோது தூறல் போட்டது. “தாத்தா, ‘குழாயை யாரு மூடுவா’ன்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“நல்ல கேள்விதான்,” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். “யாருகிட்டட்டீ கேட்ட?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததோடு என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார், அந்தச் செருப்பைக் கொடுத்த மாதிரி. அன்றிலிருந்து அந்த எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவரிடம் ஏன் என்று கேட்கவும் பயம். கேட்காமலேயே அவர் போய்விட்டார்.

கடைசி இலையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். நாற்பது வயது இருக்கும்.

“பேரு மிக்கேல். தூத்துக்குடி. படகு பேட்டரி பாக்குத வேலை,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். “டிப்போ மைதானத்துல நிக்கேன். சட்டையைக் கழட்டிப் பெஞ்சில போட்டாச்சு. பேத்தி தோள்ல இருக்கா. மழை கொட்டுத மானத்தைப் பாத்து, ‘தாத்தா, குழாயை யாரு மூடுவா?’ன்னு கேக்கா. எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. ஒருத்தரும் மூடாண்டாம், அதுவா நிக்கட்டும்னு சொல்லுதேன்.”

வடிவு வாளியைக் கீழே வைத்தாள். இதுவரை அவளுக்கும் தெரியும். இதற்குப் பிறகு வீட்டில் கண் விழித்ததுதான் அவள் ஞாபகம்.

“அதுக்குள்ள தூங்கிட்டா,” என்றான் மிக்கேல். “மோவாயை என் வழுக்கையில வச்சுக்கிட்டு. எச்சி ஒழுகுது. மழை விட்டாச்சு, எல்லாரும் போயாச்சு. நான் நகரல. எறக்குனா முழிச்சிருவாளே! கழுத்து விண்ணுவிண்ணுன்னு தெறிக்கு. தரை காயுத வரைக்கும் நிக்கேன். வேற ஒண்ணும் வேண்டாம், இப்படியே நின்னாப் போதும்னு இருக்கு.”

வடிவு அவன் இலைக்கு முன்னால் போய் நின்றாள்.

“இதை எதுக்குக் குடுத்தாரு?” என்று கேட்டே விட்டாள். “உங்களுக்குக் குடுக்க அவருகிட்ட வேற ஒண்ணுமா இல்ல?”

“குடுத்துப் பாத்தாரு, தாயி. குத்தாலத்துல குளிச்சது, பதவி உயர்வு வந்தது, என்னெல்லாமோ. ஒண்ணும் என் தலையில ஒட்டல. நான் கஞ்சியைக்கூட முழுங்காமக் கெடந்தேன். டாக்டர் கையை விரிச்சிட்டாரு. அப்பந்தான் உங்க தாத்தா, ‘உசிரா வச்சிருக்கது ஒண்ணு இருக்கு, அது ஒட்டும்’னாராம். நர்சம்மா சொன்னாங்க. ஒருநாள் அவகாசம் கேட்டு வீட்டுக்குப் போயி, உங்க சின்னக் கவுனை எடுத்து மடியில வச்சுப் பாத்துட்டு வந்தாராம்.” அவன் கையைக் கூப்பினான். “ஒங்க பொருளு. கேட்டா எடுத்துக்கிடுங்க.”

ராஜம் கருவியோடு எழுந்து நின்றார்.

அதற்குள் வடிவின் அம்மா பாயச வாளியோடு பக்கத்தில் வந்திருந்தாள். “ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன் கேளு. அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து, மழை பெஞ்சா ஒங்க தாத்தா முற்றத்துல போயி நின்னுக்கிடுவாரு. ரெண்டு கையையும் தோளுக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு. என்னப்பா இதுன்னு கேட்டா, ‘தெரியலம்மா, என்னமோ விழுந்துறக் கூடாதுன்னு தோணுது’ம்பாரு. மழை விட்டாலும் வரமாட்டாரு. வயசாயிட்டுன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.”

வடிவு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிய அழுகை அது. அவர் அவளைச் செருப்பைப் போலக் கொடுக்கவில்லை. கொடுத்த பிறகும் இறக்கி வைக்கவில்லை.

“மேடம், கருவியை மூடிருங்க,” என்றாள். ராஜம் அதை மூடிப் பையில் போட்டுவிட்டுத் தானும் ஒரு இலையின் முன் உட்கார்ந்தார்.

பந்தி தொடங்கியது. மிக்கேல் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் கழுத்தை நீவிவிட்டுக்கொண்டான். வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

“இன்னொரு வடை வைக்கட்டுமா, தாத்தா?”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பந்தல் கொல்லென்று சிரித்தது. இந்த மாதிரிப் பந்திகளில் வாய் தவறுவது சகஜம்தான். வடிவும் கண்ணீரோடு சிரித்து, “அண்ணே” என்று திருத்த வாயெடுத்தாள்.

மிக்கேல் இலையிலிருந்து நிமிரவே இல்லை. “வையிட்டீ,” என்றான்.

வடிவு இரண்டாக வைத்தாள்.